சீட்டைக் கலைப்பது யார்?

நீலக்கடல். கரையோரம் சாய்ந்து நிற்கும் தென்னை மரங்கள். வெண்மணல், ஒரு கிளி, செம்பருத்திப் பூ. இந்தத் தீவுக் காட்சியின் மீது மூன்று மலைச்சிகரங்களைப் போலச் சீட்டுகள் அடுக்கி வைக்கப்பட்டுள்ளன. கணிப்பொறித் திரையிலும் கைபேசியிலும் இத்தகைய ஆட்டங்களை நீங்கள் பார்த்திருக்கலாம். ஒருவரே தனியாக ஆடும் சீட்டாட்டம் இது. இதற்குச் 'சாலிடேர்' என்று பெயர். எதிரே அமர்ந்து ஆட ஆள் தேவையில்லை. பணயம் வைப்பதும் இல்லை. தொடுத்து வரும் எண்களைப் பொருத்திச் சீட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டால் வெற்றி.

தென்னையும் கடலும் வெறும் அலங்காரமே. அவற்றை நீக்கிவிட்டுப் பார்த்தால் எஞ்சுவது கணிதம்தான். ஆட்டம் தோற்றுப் போனால் தவறு ஆடியவருடையதா, சீட்டு விழுந்த விதத்தினுடையதா? சீட்டைக் கலைக்கக் கணிப்பொறிக்குக் கை இல்லையே, அது எப்படிக் கலைக்கிறது? நேர்மையாகத்தான் கலைக்கிறது என்று நாம் எப்படி அறிவது? இந்தக் கேள்விகளுக்கு விடை தேடிச் சென்றவர்கள் விளையாட்டோடு நிற்கவில்லை. அணுக்கரு இயற்பியல் வரை போனார்கள். நாமும் அந்த வழியே சற்று நடந்து பார்ப்போம்.

ஆட்டத்தின் விதிகள்

1989-ஆம் ஆண்டில் ராபர்ட் ஹோக் என்பவர் 'டிரைபீக்ஸ்' என்னும் ஆட்டத்தை உருவாக்கினார். மூன்று சிகரங்கள் என்பது அதன் பொருள். தீவுக் காட்சியோடு வரும் ஆட்டங்கள் பலவும் இதன் வழி வந்தவையே.

ஒரு சீட்டுக்கட்டில் 52 சீட்டுகள் உண்டு அல்லவா? அவற்றில் 28 சீட்டுகள் நான்கு வரிசைகளாக அடுக்கப்படும். மேல் வரிசையில் 3, அடுத்ததில் 6, அதற்கடுத்ததில் 9, அடி வரிசையில் 10. மேலுள்ள 18 சீட்டுகளும் கவிழ்ந்து கிடக்கும். அடி வரிசையின் 10 சீட்டுகள் மட்டும் முகம் தெரிய இருக்கும். மேல் சீட்டு ஒவ்வொன்றையும் கீழ் வரிசைச் சீட்டுகள் இரண்டு மூடிக்கொண்டிருக்கும். அந்த இரண்டும் எடுக்கப்பட்ட பிறகுதான் மேல் சீட்டு திறக்கும்.

எஞ்சிய 24 சீட்டுகளில் ஒன்று முதலிலேயே திறந்து வைக்கப்படும். இதைத் தலைச்சீட்டு என்று அழைப்போம். மற்ற 23-ம் மீதிக் கட்டு. தலைச்சீட்டு 7 என்றால், திறந்திருக்கும் 6-ஐயோ 8-ஐயோ எடுத்து அதன் மேல் வைக்கலாம். வைத்த சீட்டே புதிய தலைச்சீட்டு. ஆட்டின், டைமன், கிளாவர், ஸ்பேட் என்ற இனம் எதுவானாலும் கவலையில்லை. ராஜாவின் மேல் ஏஸும் ஏஸின் மேல் ராஜாவும் வரலாம். பொருந்தும் சீட்டு இல்லாதபோது மீதிக் கட்டிலிருந்து ஒன்றைத் திறக்க வேண்டும். அந்தக் கட்டு தீர்வதற்குள் சிகரங்கள் மூன்றையும் எடுத்துவிட்டால் வெற்றி. விதிகள் இவ்வளவே.

எத்தனை விதமாகச் சீட்டு விழும்?

முதல் இடத்தில் 52 சீட்டுகளில் எது வேண்டுமானாலும் வரலாம். இரண்டாம் இடத்தில் எஞ்சிய 51-ல் ஒன்று. மூன்றாம் இடத்தில் 50-ல் ஒன்று. இப்படியே பெருக்கிக்கொண்டு போனால் 52 × 51 × 50 × ... × 2 × 1 கிடைக்கும். இதை 52! என்று எழுதுவார்கள். இதன் மதிப்பு ஏறத்தாழ 8.07 × 10⁶⁷. எட்டுக்குப் பின்னால் 67 இலக்கங்கள்!

இது எவ்வளவு பெரிய எண் என்பதை ஒரு கற்பனையால் உணரலாம். அண்டம் தோன்றி ஏறக்குறைய 1,380 கோடி ஆண்டுகள் ஆகின்றன. நொடிகளில் சொன்னால் சுமார் 4.4 × 10¹⁷. அந்த முதல் நொடியிலிருந்தே 800 கோடிப் பேர் உட்கார்ந்து, ஒவ்வொருவரும் நொடிக்கு ஒரு முறை புதிய வரிசையில் சீட்டுப் போட்டு வந்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். இதுவரை அவர்கள் போட்டு முடித்தவை சுமார் 3.5 × 10²⁷ வரிசைகளே. கடலில் ஒரு துளி என்று சொல்வதுகூட மிகை.

டிரைபீக்ஸில் இனத்தைப் பார்ப்பதில்லை. எண்ணை மட்டுமே பார்க்கிறோம். ஆகவே நான்கு 7-களும் நமக்கு ஒன்றே. நான்கு சீட்டுகளைத் தமக்குள் 4 × 3 × 2 × 1 = 24 விதமாக மாற்றி வைக்கலாம். இப்படி 13 வகைச் சீட்டுகள் இருப்பதால் 24-ஐ 13 முறை பெருக்கி, அதனால் 52!-ஐ வகுக்க வேண்டும். வருவது சுமார் 9.2 × 10⁴⁹. எண் வெகுவாகக் குறைந்துவிட்டது. ஆயினும் ஒருவர் தம் வாழ்நாளில் ஒரே ஆட்டத்தைத் தற்செயலாக இருமுறை காண்பார் என்று எதிர்பார்க்க வழியில்லை.

முதல் ஆட்டத்திலேயே தடை

இனி ஒரு சிறு கணக்கு. சீட்டு போட்டாயிற்று. முதல் முயற்சியிலேயே பொருந்தும் சீட்டு எதுவும் இல்லாமல், மீதிக் கட்டுக்குக் கைநீட்ட வேண்டிய நிலை எத்தனை முறை வரும்?

தலைச்சீட்டு 7 என்று கொள்வோம். அதற்குப் பொருந்துபவை நான்கு 6-களும் நான்கு 8-களும். ஆக 8 சீட்டுகள். ராஜாவும் ஏஸும் அடுத்தடுத்து வரலாம் என்ற விதி இருப்பதால், தலைச்சீட்டு எதுவானாலும் பொருந்துபவை 8 தான். எஞ்சிய 51 சீட்டுகளில் 43 பொருந்தாதவை. அடி வரிசையின் முதல் சீட்டு பொருந்தாமல் இருப்பதற்கான நிகழ்தகவு 43/51. அது பொருந்தவில்லை என்றால் இரண்டாவதும் பொருந்தாமல் இருக்க 42/50. மூன்றாவதற்கு 41/49. இப்படியே பத்தாவது சீட்டுக்கு 34/42. இந்தப் பத்துப் பின்னங்களையும் பெருக்கினால் 0.15 வருகிறது. அதாவது நூறு ஆட்டங்களில் ஏறத்தாழ 15 ஆட்டங்களில் முதலிலேயே தடை. மற்ற 85-ல் ஒரு சீட்டையாவது எடுக்கலாம்.

இந்த ஒரு படியைக் கணக்கிட்டுவிட்டோம். முழு ஆட்டத்திலும் வெல்லும் நிகழ்தகவை இதே முறையில் கணக்கிட முடியுமா? முயன்று பாருங்கள். இரண்டாம் படியிலேயே சிக்கல் தொடங்கும். எந்தச் சீட்டை எடுத்தோம், அதனால் எது திறந்தது, திறந்தது எதனோடு பொருந்தும் என்று கிளைகள் பிரிந்து பிரிந்து காடாகிவிடும். கணித மேதை ஒருவரே இந்த இடத்தில் திகைத்து நின்றார்.

நோயிலிருந்து எழுந்தவரின் சீட்டாட்டம்

ஸ்டானிஸ்லாவ் உலாம் போலந்தில் வளர்ந்து அமெரிக்காவில் குடியேறிய கணித அறிஞர். 1946-ல் மூளை அழற்சி நோயால் தாக்குண்டு, பிழைத்து எழுந்து ஓய்வில் இருந்தார். பொழுது போவதற்காகக் 'கேன்ஃபீல்டு' என்னும் ஒற்றையாள் சீட்டாட்டத்தை ஆடிக்கொண்டிருந்தார். கணித அறிஞர் அல்லவா? சும்மா ஆட முடியவில்லை. இந்த ஆட்டம் கைகூடும் நிகழ்தகவு என்ன என்று கணக்கிடத் தொடங்கினார். சேர்மானக் கணக்குகள் நீண்டுகொண்டே போயின.

அப்போது அவருக்கு வேறொரு எண்ணம் தோன்றியது. கணக்குப் போடுவதை விட்டுவிட்டு, ஆட்டத்தையே நூறு முறை ஆடி, எத்தனை முறை வென்றோம் என்று எண்ணிவிட்டால் என்ன? நூறில் பத்து வெற்றி என்றால் நிகழ்தகவு ஏறத்தாழ பத்தில் ஒன்று. மனிதன் ஆடினால் நேரமாகும். ஆனால் அப்போதுதான் எனியாக் என்னும் மின்னணுக் கணிப்பொறி உருவாகி இருந்தது. அது சலிக்காமல் ஆடும்!

உலாம் தம் எண்ணத்தை ஜான் ஃபான் நாய்மானிடம் கூறினார். அவர்கள் பணியாற்றிய லாஸ் அலமாஸ் ஆய்வுக்கூடத்தில் அணு ஆயுத ஆராய்ச்சி நடந்துகொண்டிருந்தது. அங்கே ஒரு சிக்கல். நியூட்ரான் ஒன்று பொருளினூடே பாயும்போது எங்கே மோதும், எப்பக்கம் திரும்பும், அணுக்கருவைப் பிளக்குமா அல்லது விழுங்கப்படுமா என்பதெல்லாம் தற்செயலானவை. இதுவும் ஒரு சீட்டாட்டம் போன்றதே. ஆயிரக்கணக்கான நியூட்ரான்களின் பயணத்தைக் கணிப்பொறியில் 'ஆடி'ப் பார்த்து, முடிவுகளை எண்ணினார்கள். நிக்கலஸ் மெட்ரோபோலிஸ் என்ற அறிஞர் இம்முறைக்கு 'மான்டி கார்லோ முறை' என்று பெயர் சூட்டினார். மொனாக்கோ நாட்டில் சூதாட்ட மண்டபத்துக்குப் பெயர்போன இடம் மான்டி கார்லோ. மெட்ரோபோலிஸும் உலாமும் 1949-ல் இம்முறை பற்றிய கட்டுரையை வெளியிட்டனர்.

ஆயுத ஆராய்ச்சியில் பிறந்த இம்முறை அங்கேயே தங்கிவிடவில்லை. புற்றுநோய்க் கட்டி மீது செலுத்தும் கதிர்வீச்சு உடலின் எந்தப் பகுதியில் எவ்வளவு படியும் என்பதை மருத்துவ இயற்பியலர் இன்று இதே முறையால் கணிக்கிறார்கள்.

இதற்கு ஓர் எல்லையும் உண்டு. நம் முதற்படிக் கணக்கையே எடுத்துக்கொள்வோம். உண்மையான விடை 15 சதவீதம். 100 ஆட்டம் ஆடினால் நமக்குச் சரியாக 15 கிடைக்காது. பெரும்பாலும் 11-க்கும் 19-க்கும் இடையே கிடைக்கும். பிழை சுமார் 3.6 சதவீதம். 10,000 ஆட்டம் ஆடினால் பிழை 0.36 சதவீதமாகும். அதாவது நூறு மடங்கு உழைத்தால் பிழை பத்தில் ஒரு பங்காகக் குறையும். உழைப்பின் வர்க்கமூலத்துக்கு ஏற்பவே துல்லியம் கூடுகிறது. கணிப்பொறி வந்த பிறகே இம்முறை பயனுக்கு வந்ததன் காரணம் இதுதான்.

கை இல்லாமல் கலைப்பது எப்படி?

நாம் சீட்டுக்கட்டை இரண்டாகப் பிரித்து, 'சர்ர்' என்று ஒன்றுக்குள் ஒன்றை நுழைத்துக் கலைக்கிறோம். இப்படி எத்தனை முறை கலைத்தால் போதும்? டேவ் பேயர், பெர்சி டயாகோனிஸ் என்ற இரு கணித அறிஞர்கள் 1992-ல் இதை ஆராய்ந்து, 52 சீட்டுகளுக்கு ஏறத்தாழ ஏழு முறை என்று காட்டினார்கள். மூன்று நான்கு முறையோடு நிறுத்திவிட்டால் பழைய வரிசையின் சுவடு மிச்சமிருக்கும்.

கணிப்பொறி வேறு வழியில் கலைக்கிறது. ரொனால்டு ஃபிஷர், ஃபிராங்க் யேட்ஸ் என்ற புள்ளியியல் அறிஞர்கள் 1938-ல் தந்த முறை அது. 1964-ல் ரிச்சர்டு டர்ஸ்டன்ஃபெல்டு அதைக் கணிப்பொறிக்கு ஏற்றவாறு அமைத்தார். முறை மிக எளிது. 52 சீட்டுகளில் ஏதேனும் ஒன்றைச் சமவாய்ப்பில் தேர்ந்து கடைசி இடத்துக்கு மாற்றுக. எஞ்சிய 51-ல் ஒன்றைத் தேர்ந்து அதற்கு முந்தைய இடத்தில் வைக்க. பிறகு 50-ல் ஒன்று. இப்படியே முடிக்க. வழிகள் மொத்தம் 52 × 51 × 50 × ... × 1. ஒவ்வொரு வரிசையும் சரியாக ஒரே ஒரு வழியில் வரும். ஆகவே எல்லா வரிசைகளுக்கும் சம வாய்ப்பு.

'ஒவ்வொரு முறையும் எஞ்சியவற்றில்தான் தேட வேண்டுமா? எல்லாச் சீட்டுகளிலிருந்தும் தேர்ந்தால் இன்னும் நன்றாகக் கலையுமே!' என்று சிலருக்குத் தோன்றும். இங்கேதான் பொறி இருக்கிறது. மூன்று சீட்டுகளை வைத்துப் பார்ப்போம். மூன்று இடங்களிலும் நின்று, ஒவ்வொரு முறையும் மூன்றில் ஏதேனும் ஒன்றோடு இடம் மாற்றினால், வழிகள் 3 × 3 × 3 = 27. ஆனால் மூன்று சீட்டுகளுக்கு உரிய வரிசைகள் 6 மட்டுமே. 27-ஐ 6-ஆல் மீதியின்றி வகுக்க முடியாது! எனவே சம வாய்ப்பு வருவது இயலவே இயலாது. 27 வழிகளையும் ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். மூன்று வரிசைகள் ஐந்து ஐந்து முறையும், மற்ற மூன்று வரிசைகள் நான்கு நான்கு முறையும் வருவதைக் காண்பீர்கள். பார்வைக்கு நன்றாகக் கலைந்தது போலவே இருக்கும். ஆனால் தராசு ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது.

விதை எண்

'சமவாய்ப்பில் தேர்க' என்று எளிதாகச் சொல்லிவிட்டோம். கணிப்பொறியோ இட்ட ஆணையை அப்படியே செய்யும் எந்திரம். அதனால் எப்படித் தற்செயலாகத் தேர முடியும்?

முடியாது. ஆனால் தற்செயல் போலத் தோன்றும் எண்களை அதனால் உண்டாக்க முடியும். டெரிக் லேமர் 1949-ல் ஒரு வழி கூறினார். ஓர் எண்ணை எடு. அதை ஒரு மாறா எண்ணால் பெருக்கு. பெரியதோர் எண்ணால் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொள். அதையே மீண்டும் பெருக்கு. பெருக்கியபின் ஒரு மாறா எண்ணைக் கூட்டிக்கொள்வதும் உண்டு. தொடங்கும் எண்ணை 'விதை எண்' என்பார்கள்.

சிறிய எண்களால் இதைக் கையாலேயே செய்து பார்க்கலாம். விதி இது: எண்ணை 5-ஆல் பெருக்கி, 3-ஐக் கூட்டி, 16-ஆல் வகுத்து, மீதியை எடு. விதை 7 என்றால், 7 × 5 + 3 = 38; 16-ஆல் வகுத்தால் மீதி 6. அடுத்து 6 × 5 + 3 = 33; மீதி 1. தொடர்ந்தால் இப்படி வரும்: 7, 6, 1, 8, 11, 10, 5, 12, 15, 14, 9, 0, 3, 2, 13, 4. மறுபடியும் 7. பதினாறு எண்களும் ஒருமுறை வந்துவிட்டு, சக்கரம் மீண்டும் சுழல்கிறது. இந்த வரிசையைச் சற்று உற்றுப் பாருங்கள். ஒற்றைப்படை, இரட்டைப்படை, ஒற்றைப்படை, இரட்டைப்படை என்று மாறி மாறி வருகிறதல்லவா? தற்செயல் என்ற முகமூடிக்குள் ஓர் ஒழுங்கு ஒளிந்திருக்கிறது. இதனால்தான் உண்மை ஆட்டங்களில் மிகப் பெரிய எண்களைப் பயன்படுத்துகிறார்கள். விடையின் கடைசிப் பகுதியை விட்டு, முற்பகுதியை மட்டும் எடுத்துக்கொள்வதும் உண்டு.

விதை ஒன்றானால் விளைச்சலும் ஒன்றே. அதே விதை எண்ணைக் கொடுத்தால் அதே சீட்டு வரிசைதான் எப்போதும் வரும். ஆகவே விதைகள் எத்தனையோ, ஆட்டங்களும் அத்தனையே. விதை எண் 32 இரும இலக்கங்கள் கொண்டது என்றால் சுமார் 429 கோடி ஆட்டங்கள்தாம் கிடைக்கும். கேட்பதற்குப் பெரிது. ஆனால் 8.07 × 10⁶⁷-க்கு முன்னால் அது எம்மாத்திரம்? மற்ற வரிசைகள் அந்தக் கணிப்பொறியில் ஒருநாளும் விழமாட்டா.

சாலிடேரில் இதனால் ஒரு தீங்கும் இல்லை. 429 கோடி ஆட்டங்கள் யாருக்கும் போதும். ஆனால் பணம் வைத்து ஆடும் இடத்தில்? 1999-ல் நடந்த ஒன்றைக் கேளுங்கள். இணையத்தில் போக்கர் ஆட்டம் நடத்திய ஒரு நிறுவனத்தினர், தாங்கள் நேர்மையாகவே சீட்டைக் கலைப்பதாகக் காட்டுவதற்காக, கலைக்கும் ஆணைத்தொடரை வெளியிட்டனர். அமெரிக்க மென்பொருள் ஆய்வாளர் சிலர் அதைப் படித்துப் பார்த்தனர். கலைக்கும் முறையிலேயே பிழை இருந்தது. அதைவிடப் பெரிய ஓட்டை ஒன்றும் இருந்தது. நள்ளிரவு முதல் எத்தனை மில்லிநொடிகள் கடந்துள்ளன என்பதுதான் விதை எண்! ஒரு நாளைக்கு 8 கோடியே 64 லட்சம் மில்லிநொடிகள். ஆகவே வரக்கூடிய வரிசைகளும் அவ்வளவே. தங்கள் கடிகாரத்தை அந்த நிறுவனக் கணிப்பொறியின் கடிகாரத்தோடு இசைத்ததும், தேட வேண்டியவை ஏறத்தாழ இரண்டு லட்சமாகச் சுருங்கின. கண்ணுக்குத் தெரிந்த ஐந்து சீட்டுகளைக் கொண்டு, எதிராளிகளின் கையில் உள்ள சீட்டுகளையும் இனி வரப்போகும் சீட்டுகளையும் அவர்களால் சொல்ல முடிந்தது. ஆய்வாளர்கள் அதை வைத்துப் பணம் பண்ணவில்லை, உலகத்துக்கு அறிவித்தார்கள். கடவுச்சொற்களுக்கும் வங்கிப் பரிமாற்றங்களுக்கும்கூட ஊகிக்க முடியாத எண்களே காவல். அங்கே இத்தகைய ஓட்டை இருந்தால் என்ன ஆகும் என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

தோல்வி யாருடையது?

இப்போது முதல் கேள்விக்குத் திரும்புவோம். தலைச்சீட்டு 7. திறந்திருப்பவை 6, 7, 8, 9 என்று கொள்வோம். அவசரக்காரர் 8-ஐ எடுத்து, பிறகு 9-ஐ எடுப்பார். அங்கேயே நின்றுவிடும், 6-ம் 7-ம் தங்கிவிடும். சற்று யோசிப்பவர் முதலில் 6-ஐ எடுப்பார். அதன் மேல் 7, அதன் மேல் 8, அதன் மேல் 9. நான்கும் போய்விட்டன! சீட்டுகள் ஒன்றே, முடிவுகள் வேறு. இங்கே தவறு சீட்டினுடையது அன்று.

எந்த வழியில் ஆடினாலும் வெல்ல முடியாத ஆட்டங்களும் உண்டு. அதைக் கண்டறியக் கணிப்பொறி என்ன செய்கிறது? ஒரு வழியில் போய்ப் பார்க்கிறது. முட்டிக்கொண்டால் கடைசியாகப் பிரிந்த இடத்துக்குத் திரும்பி வந்து மற்றொரு கிளையில் போகிறது. வந்த நிலைகளையெல்லாம் குறித்து வைத்துக்கொண்டு, ஒருமுறை பார்த்த நிலையை மீண்டும் ஆராயாமல் விடுகிறது. 28 சீட்டுகளில் எவை எடுக்கப்பட்டன, எவை எஞ்சின என்பதற்கு 2²⁸ வகைகள், அதாவது சுமார் 26 கோடியே 84 லட்சம். மூடிய சீட்டை எடுக்க முடியாது என்பதால் உண்மையில் வரக்கூடியவை இதைவிட மிகக் குறைவு. கணிப்பொறிக்கு இது எட்டக்கூடிய வேலையே. டிரைபீக்ஸில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேற்பட்ட ஆட்டங்கள் வெல்லக்கூடியவை என்று ஹோக் தம் ஆய்வில் கண்டார்.

வேறோர் ஆட்டத்தின் கதை இன்னும் சுவையானது. பால் ஆல்ஃபில் என்பவர் 1978-ல் இல்லினாய் பல்கலைக்கழகத்தின் பிளேட்டோ கணிப்பொறியில் 'ஃபிரீசெல்' என்னும் ஆட்டத்தை அமைத்தார். இதில் எல்லாச் சீட்டுகளும் தொடக்கத்திலேயே முகம் தெரிய இருக்கும், ஒளிவுமறைவு இல்லை. பின்னர் விண்டோஸ் கணிப்பொறிகளில் வந்த ஃபிரீசெல்லில் 32,000 ஆட்டங்கள் எண்ணிட்டுத் தரப்பட்டன. அந்த எண்தான் விதை. ஆகவே உலகில் எங்கே ஆடினாலும் குறிப்பிட்ட எண்ணுக்குக் குறிப்பிட்ட ஆட்டமே வரும். 1994, 1995-ஆம் ஆண்டுகளில் ஆர்வலர்கள் இணையம் வழியே ஒன்றுகூடி, ஆளுக்கு நூறு ஆட்டங்களாகப் பிரித்துக்கொண்டு, 32,000-ஐயும் ஆடித் தீர்த்தார்கள். ஒன்றே ஒன்று மட்டும் யாருக்கும் மசியவில்லை. அதன் எண் 11982. கணிப்பொறிகளும் எல்லா வழிகளையும் தேடிப் பார்த்து அது வெல்ல முடியாதது என்றே முடிவு கூறின.

1990-ல் விண்டோஸ் 3.0 உடன் வந்த சாலிடேர், 'குளோண்டைக்' என்னும் வகையைச் சேர்ந்தது. சுட்டியைப் பிடித்து இழுக்க மக்களைப் பழக்கியதில் அதற்குப் பெரும் பங்கு உண்டு. அதன் சீட்டு முதுகுகளில் ஒன்றில் கடற்கரையும் தென்னை போன்ற மரமும்கூட வரையப்பட்டிருந்தன. குளோண்டைக்கில் எத்தனை ஆட்டங்கள் வெல்லக்கூடியவை என்பது நெடுநாள் தெரியாமலே இருந்தது. 2019-ல் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழக ஆய்வாளர் இருவர், கவிழ்ந்த சீட்டுகளும் தெரியும் என்று வைத்துக்கொண்டால் ஏறத்தாழ 82 சதவீதம் என்று வெளியிட்டனர். எந்த முறையால் தெரியுமா? ஏராளமான ஆட்டங்களைக் கலைத்துப் போட்டு, ஒவ்வொன்றையும் தேடித் தீர்த்து, எண்ணிப் பார்த்துத்தான். நோயிலிருந்து எழுந்த உலாம் கண்ட அதே வழி!

ஒன்றைக் கவனிக்க வேண்டும். 'வெல்லக்கூடிய ஆட்டம்' என்பது வேறு; 'ஆடுபவர் வெல்வார்' என்பது வேறு. தேடும் கணிப்பொறிக்குக் கவிழ்ந்த சீட்டும் தெரியும், நமக்குத் தெரியாது. சரியாக ஆடியும் தோற்கலாம். தவறாக ஆடியும் வெல்லலாம். ஆகவே ஒரே ஆட்டத்தின் முடிவை வைத்து ஒருவரின் திறமையை எடைபோடக் கூடாது. பல ஆட்டங்களின் சராசரியே உண்மை பேசும். தேர்வு மதிப்பெண்ணுக்கும் இது பொருந்தும் என்று உங்களில் சிலர் புன்னகை செய்யலாம்.

இன்னொன்று. கணிப்பொறி முன்கூட்டியே ஓர் ஆட்டத்தைத் தீர்த்துப் பார்த்துவிட முடியும் என்றால், எளிய ஆட்டத்தையோ கடினமான ஆட்டத்தையோ வேண்டுமென்றே எடுத்துத் தரவும் முடியும். இன்றைய கைபேசி ஆட்டங்கள் சிலவற்றில், தோற்கும் தறுவாயில் 'இன்னும் சில சீட்டுகள் வேண்டுமா? இவ்வளவு காசு' என்று கேட்பதுண்டு. கவிழ்ந்த சீட்டு கேட்பவருக்குத் தெரியும், கொடுப்பவருக்குத் தெரியாது. இதை அறிந்தவர் காசை எடுக்குமுன் ஒருமுறை யோசிப்பார்.

நீங்களே செய்து பாருங்கள்

கணிப்பொறி இல்லாவிட்டாலும் பரவாயில்லை. ஒரு சீட்டுக்கட்டு போதும். ஏழு முறை நன்றாகக் கலையுங்கள். ஒரு சீட்டைத் திறந்து வையுங்கள். அடுத்து பத்துச் சீட்டுகளை வரிசையாகத் திறந்து வையுங்கள். பத்தில் ஒன்றாவது முதல் சீட்டோடு பொருந்துகிறதா? ஆம், இல்லை என்று மட்டும் குறியுங்கள். வகுப்பில் 40 பேர் ஆளுக்கு ஐந்து முறை செய்தால் 200 சோதனைகள் ஆகும். 'இல்லை' என்ற விடை 30-ஐ ஒட்டி வர வேண்டும். பெரும்பாலும் 25-க்கும் 35-க்கும் இடையே இருக்கும். அதன்பின் ஒரு முறை மட்டுமே கலைத்து மீண்டும் 200 சோதனைகள் செய்து, இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். வேறுபாடு தெரிந்தால் அதன் காரணத்தை ஆராயுங்கள். தெரியாவிட்டால் இன்னும் எத்தனை சோதனைகள் வேண்டும் என்று கணக்கிடுங்கள். அதுவும் உலாம் காட்டிய வழிதான்.